அழைத்தும் வராதவர்கள்

அவளுக்கு ஆபீஸில் வைத்த பெயர் கூட்டம். கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கி நிற்கிற ஒருத்திக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவன் யாரோ, அவனைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். லிஃப்டில் மூன்று பேர் நின்றால் அடுத்த லிஃப்ட் வரட்டும் என்று ஓரமாக நிற்பாள். பஸ்ஸில் இடிபட்டுப் போவதைவிட இதுவே மேல் என்று வெயிலில் நடப்பாள். ஆனால் அவள் பிழைப்பு என்னவென்றால், இல்லாத மனிதர்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி அடுத்தவன் வாசலில் கொண்டுபோய் மோதவிடுவது.

புதிதாக ஓர் இணையதளம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த அன்றைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் அது தாங்குமா? முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காக ஆயிரம் பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்து, காப்பியும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஓர் ஆள் என்னென்ன செய்வான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அது ஆயிரம் ஆளாக வேஷம் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டும். அந்த வேஷங்களை எழுதுவதுதான் அவள் வேலை. சும்மா சொல்லக்கூடாது, அதில் அவள் கெட்டிக்காரி. அவளுடைய ஆட்கள் மரக்கட்டைகள் அல்ல. ஒருவன் பிறந்த தேதியைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடிப்பான். ஒருத்தி பாதியில் எழுந்துபோய்ப் பிள்ளையை அதட்டிவிட்டு வந்து மீதியை நிரப்புவாள். இன்னொருவன் பொறுமை கெட்டவன், பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் அவனுக்கு ஆறாது. பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "உன் ஆளுங்க இன்னிக்கு எப்படி இருக்காங்க?" என்று கேலி செய்வார்கள். "ஒருத்தனுக்கும் ஒழுங்கா டைப் பண்ண வரலை" என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. நாற்பதை எட்டப்போகிறவளைப் பாப்பா என்று கூப்பிடுவது இரண்டே பேர். ஒருத்தி அக்கா. இன்னொருவர் அக்காவின் வீட்டுக்காரர், மாமா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்த பிறகு அவளை வளர்த்தது இவர்கள்தான். "உங்கக்காவைக் கட்டிக்கிட்டேன், கூடவே பல்லு விழுந்த குட்டி ஒண்ணு இலவசமா வந்துச்சு" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதே வேனில் இவளை ஏற்றிக்கொண்டு காலேஜ் வாசல்வரை வந்து விடுவார். காலேஜில் படிக்கிற பெண் கார்ட்டூன் பொம்மை ஒட்டிய வேனிலிருந்து இறங்கினால் யார் சிரிக்கமாட்டார்கள்? இவள் மானம் போகிறது என்று முனகுவாள். மாமா வேண்டுமென்றே இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இருக்கிற ஒரே இடம் பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாழ்நாளெல்லாம் பிறத்தியாரை ஏற்றிக்கொண்டு போனவர் இப்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் தானும் காலால் தரையை அழுத்திக்கொண்டு போனார். "வளைவுல எப்படித் திருப்புறான் பாரு, முட்டாப்பய" என்பார். போகும்போது வாய் இருக்கும். வரும்போது இருக்காது. கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், வாந்தி வரும், அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருவாள். ஊசி குத்திக் குத்தி முண்டு முண்டாக வீங்கிப்போன இடதுகை நரம்பு தொட்டால் குர்ர்ரென்று அதிரும். "கையில பூனை வளக்கிறேன்" என்று அதையும் வேடிக்கையாக்குவார். தாகத்துக்குத் தண்ணீர்கூட அளந்துதான். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். அதைக் காலையிலேயே குடித்துத் தீர்த்துவிட்டு, மாலையில் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு டி.வி. பார்ப்பார்.

ஒரு நாள் பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, உடம்பு கொஞ்சம் தேறியதும், இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்தார். குரலில் வேடிக்கை இல்லை.

"போதும். இனிமே நான் போகலை."

அக்கா அழுதாள். அவர் அசையவில்லை. அழுகைக்கு மசிகிற மனிதர்தான், ஆனால் அன்றைக்கு மசியவில்லை. அப்போதுதான் இவள் அந்தச் சேதியைச் சொன்னாள். அவர்கள் பகுதியிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், புதிதாக ஒரு டயாலிசிஸ் மையம் வரப்போகிறது. நாற்பது இருக்கைகள். பதிவு முழுக்க இணையதளத்தில். அந்த இணையதளத்தைக் கட்டுவது அவளுடைய ஆபீஸ்.

மாமா விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி, அதுவரைக்கும் வரேன். அங்க இடம் கிடைச்சா பொழச்சேன். கிடைக்கலேன்னா என்னை விட்டுடணும். பஸ்ஸுல ஏத்தி இழுத்துக்கிட்டுப் போகக்கூடாது. வாக்குக் குடுங்க ரெண்டு பேரும்" என்றார்.

கொடுத்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? அந்த நேரத்துக்கு அவரை பஸ்ஸில் ஏற்றினால் போதும் என்று இருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்த வேலையில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். தளத்தின் ஏற்பாடு இதுதான். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும், மாலை ஐந்துக்கு மூடும். ஒரே நாள். மையத்தின் அலுவலகத்தில் ஐந்து குமாஸ்தாக்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். தளத்துக்குள் வருகிறவர் அனுப்பும் மருத்துவச் சீட்டுகளை அவர்கள் சரிபார்த்து இருக்கை ஒதுக்க வேண்டும். ஆகவே ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் உள்ளே போக முடியும். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். வரிசைக்கு ஒரு காவல் நிரல் எழுதியிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அது ஓர் எண் கொடுக்கும். முறை வந்தால் கூப்பிடும். பத்து நிமிடம் காத்திருந்து பார்க்கும். வராவிட்டால் அடுத்த எண். அதை எழுதியவர் வழுக்கைத் தலையும் நல்ல மனசும் உள்ள ஒரு மனிதர். அவருக்கு ஆபீஸில் வாசல் என்று பெயர். இவள் அவரை அண்ணா என்பாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பிரவுசர் என்பது பார்வைக்குத்தான் ஒற்றை ஆள். ஒரு பக்கத்தைத் திறந்தால் அது ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. படத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, பொத்தானை வேலை செய்யவைக்கிற நிரலுக்கு ஒன்று என்று ஒரே மூச்சில் ஐந்தாறு கோரிக்கைகளை ஏவிவிடும். வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளி வந்தால் பிள்ளைகளை ஆளுக்கொரு கடைக்கு விரட்டுவோமே, அந்த மாதிரி. பெரியவன் திரும்பி வரட்டும், அப்புறம் சின்னவனை அனுப்பலாம் என்று யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவளுடைய கருவியில் இதற்கென்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் அடித்தால் வேஷக்காரர்கள் எல்லாம் நிஜ பிரவுசர் மாதிரி கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்புவார்கள். டிக்கை எடுத்துவிட்டால் சாதுவாக ஒவ்வொன்றாக அனுப்புவார்கள்.

அவள் டிக் அடிக்கிற ரகம். முதல் தடவை டிக் அடித்துத்தான் ஆயிரம் பேரை ஏவினாள். அவளுக்குக் கொடுத்திருந்த மெஷின் அரதப்பழசு, அதற்கு மூச்சு முட்டியது. திரையெல்லாம் சிவப்பு. பாதித் தப்பு தளத்தில் இல்லை, கூட்டத்தை உண்டாக்கிய மெஷினிலேயே. அந்தக் களேபரத்தில் ஒன்றைக் கவனித்தாள். அவள் அனுப்பியது ஆயிரம் பேரை. வாசலில் எண் வாங்கியவர்கள் ஆறாயிரத்துக்குக் கிட்ட இருந்தார்கள்.

பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்தாள். பொய் ஆட்களை உண்டாக்கியே பிழைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கணக்கில் ஆள் கூடுதலாகத் தெரிந்தால், அது தாங்கள் உண்டாக்கிய பொய்யில் முளைத்த இன்னொரு பொய் என்றுதான் முதலில் தோன்றும். மெஷின் திணறுகிறது, ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள்.

மேலாளர் வந்து பார்த்தார். அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கும், ஒன்று சிவந்தால் இறங்காது. அதனால் அவருக்குப் பெயர் பச்சை.

"இது என்னம்மா, ரத்தக்களரியா இருக்கு?"

"நம்ம மெஷின் தாங்கலை சார். இன்னும் ரெண்டு மெஷின் குடுத்தா சரியா ஓட்டிக் காட்டுறேன்."

"மெஷினுக்கு நான் எங்க போவேன்? மேல கேட்டா திறப்பு தேதியை ஒரு மாசம் தள்ளிடுவாங்க. அந்த டிக்கை எடுத்துட்டு ஓட்டு. ஒவ்வொண்ணா போகட்டுமே, என்ன குடி முழுகிப் போச்சு?"

வேறு வேலையாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். ஒரு மாசம் என்ற வார்த்தைதான் அவள் வாயை அடைத்தது. பஸ்ஸில் இன்னும் ஒரு மாசம் மாமா தாங்கமாட்டார். நாள் தள்ளக்கூடாது, சீக்கிரம் திறக்க வேண்டும் என்று அவளுக்கே உள்ளுக்குள் பரபரப்பு. டிக்கை எடுத்தாள். ஆயிரம் பேர் போனார்கள், ஆயிரம் எண் வாங்கினார்கள், வரிசை அழகாக நகர்ந்தது. எல்லாம் பச்சை. ‘வரிசை சரியாக இயங்குகிறது’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்குப் போய், "சூப்பரா வேலை செய்யுது மாமா" என்றாள். "நீ பார்த்தா அப்பீல் ஏது?" என்றார் அவர்.

திறக்கிற நாளும் வந்தது. வீட்டில் மாமா சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இணையதளத்துக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று அக்கா கேட்டதற்கு, "ஆபீசருங்க பார்ப்பாங்கல்ல" என்றாராம். மருத்துவச் சீட்டுகளெல்லாம் மடியில். இவள் ஆபீஸில் தன் திரை முன்னால்.

ஒன்பது அடித்தது. தளம் திறந்தது. ஒரு சிணுங்கல் இல்லை. பச்சை சார் பின்னால் நின்று திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தியா? இதுதான் வேலை!"

சிறிது நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். "பாப்பா, நம்பர் வந்துடுச்சு."

"எத்தனை?"

"மூவாயிரத்து நானூத்திச் சொச்சம்."

"சரியா பாருக்கா. முன்னூத்தி நாப்பதா இருக்கும்."

"எனக்கு எண் படிக்கத் தெரியாதா? மூவாயிரம்தான். மாமாவும் பார்த்தாரு. ஒம்போது அடிக்கும்போதே அமுக்கிட்டோம் பாப்பா, ஒரு நொடி தாமதம் இல்லை."

அந்தப் பகுதி முழுக்க டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் அறுநூறு பேருக்கு மேல் இல்லை என்று மையத்தின் அதிகாரியே கூட்டத்தில் சொல்லியிருந்தார். அறுநூறு பேர் மட்டும் நிற்கிற வரிசையில் மூவாயிரத்து நானூறு எங்கிருந்து வந்தது? அறுநூறை ஆறால் பெருக்கிப் பார்த்தாள். மூவாயிரத்து அறுநூறு வந்தது. அன்றைக்குச் சிவப்புத் திரையில் பார்த்த ஆறாயிரம் பேர் மறுபடியும் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

எழுந்து ஓடினாள். வாசல் அண்ணாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "அண்ணா, ஒரு பிரவுசரோட ஆறு கோரிக்கையும் ஒண்ணா வந்தா, உங்க வாசல் என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணா வந்தா என்ன? முதல்ல வர்றதுக்கு எண் குடுக்கும். மத்தது அந்த எண்ணைக் காட்டிட்டு உள்ள வரும்."

"முதல் கோரிக்கைக்கு எண் போய்ச் சேர்றதுக்குள்ள மத்த அஞ்சும் வாசல்ல வந்து நின்னுட்டா?"

அவர் தன் நிரலைத் திரையில் இழுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அதுங்க கையிலதான் எண் இருக்காதே" என்றார். "ஒவ்வொண்ணையும் புது ஆளுன்னு நினைச்சு எண் குடுத்துடும்."

"பிரவுசர் எதை வெச்சுக்கும்?"

"கடைசியா வந்து சேர்றதைத்தான். முன்னாடி வந்ததையெல்லாம் அழிச்சிட்டு அது மேல எழுதிடும்."

ஒவ்வொரு நோயாளியும் வரிசையில் ஆறு ஆளாக நிற்கிறான். ஆறில் ஐந்து வெறும் நிழல். அவன் கையில் இருப்பதோ எல்லாவற்றிலும் கடைசி எண். நிழலின் முறை வரும்போது வாசல் கூப்பிடும், பத்து நிமிடம் பார்க்கும், யாரும் வரமாட்டார்கள். டிக்கை எடுத்துவிட்டு ஓட்டிய சோதனையில் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதால் இரண்டாவது கோரிக்கை போவதற்குள் எண் கைக்கு வந்திருந்தது. தப்பு தலைகாட்டவே இல்லை.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா?"

"ஒரே வரிதான். ஆனா வாசலை ஒருதரம் நிறுத்திட்டுத் திறக்கணும். நிறுத்தினா வரிசை கலைஞ்சிடும், எல்லாரும் மறுபடி முதல்லேருந்து நிக்கணும். நேரடியா நம்மளால கை வைக்கவும் முடியாது. இன்னிக்குச் சாவி அந்த மையத்து அதிகாரிகிட்டதான் இருக்கு."

பச்சை சாரிடம் போனார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை சொல்லவைத்து, புரிந்துகொண்டு, அவர்கள் எதிரிலேயே அதிகாரியைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தளம் விழுந்துடுச்சா?"

"இல்லை சார்."

"உங்க திரையில ஏதாவது சிவப்பு இருக்கா?"

"இல்லை சார், ஆனா..."

"பின்ன? காலையிலேருந்து நிக்கிற நோயாளிங்களைக் கலைச்சு விட்டு, மறுபடி நில்லுங்கன்னு சொல்லச் சொல்றீங்க. எவனாவது ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனா நான் என்ன பதில் சொல்றது? வரிசை சரியா இயங்குதுன்னு உங்க அறிக்கை என் கையில இருக்கு. கையெழுத்து யாரோடது இது?"

அவள் போன் பக்கம் குனிந்து, "என்னோடது சார்" என்றாள்.

"நீங்களே சரின்னீங்க, நீங்களே தப்புங்கிறீங்க. நான் எதை நம்பட்டும்மா?"

பத்து நிமிடக் காத்திருப்பையாவது ஒரு நிமிடமாகக் குறைக்கலாமே என்று வாசல் அண்ணா கெஞ்சினார். பத்து நிமிடம் என்பது விதி, விதியை மாற்றக் குழு கூட வேண்டும், குழு அடுத்த வாரம் கூடும் என்றார் அதிகாரி. போன் வைக்கப்பட்டது.

அவள் மையத்தின் உதவி எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டு இசையைப் போட்டது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மையத்துக்கே நேரில் ஓடலாமா என்றால், நேரில் வருபவர்கள் ஏற்கப்படமாட்டார்கள் என்று தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் போடச் சொல்லி யோசனை சொன்னதே அவள் ஆபீஸ்தான். அப்படியும் அக்காவைப் பக்கத்துத் தெருவிலிருந்த மையத்துக்கு அனுப்பினாள். கதவருகே நின்ற காவலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "உள்ள அஞ்சு பேரும் சும்மாதாம்மா உக்காந்திருக்காங்க, ஆனா உங்களை விட்டா என் வேலை போயிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். உண்மைதான். உள்ளே ஐந்து குமாஸ்தாக்களும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணைக் கூப்பிடுவார்கள், பத்து நிமிடம் வெறும் திரையைப் பார்ப்பார்கள், அடுத்த எண்ணைக் கூப்பிடுவார்கள். எப்போதாவது ஒரு நிஜ மனிதன் வந்து சேருவான்.

மத்தியானத்துக்கு மேல் அவள் ஒரு காரியம் செய்தாள். செய்திருக்க வேண்டாம். வாசல் அண்ணாவின் மேஜையிலிருந்து வரிசையைப் பார்க்க மட்டும் முடியும், தொட முடியாது. அதில் தன் வீட்டு இணைப்பைத் தேடினாள். ஆறு எண்கள் இருந்தன. ஒம்போது அடிக்கும்போதே அமுக்கினோம் என்று அக்கா சொன்னது பொய்யே இல்லை. முதல் எண் நான்கு. முதல் சுற்றிலேயே மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு குமாஸ்தா பத்து நிமிடம் அவருக்காகக் காத்திருந்திருக்கிறார். எதிரே, அந்த நேரத்தில், நாற்பது இருக்கைகளும் காலியாக இருந்தன.

அண்ணா அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தார். "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அவள் போகவில்லை. ஐந்து மணிவரை அங்கேயே உட்கார்ந்து, எண்கள் ஒவ்வொன்றாக வருவதையும் ஆள் இல்லாமல் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நடுநடுவே கூப்பிட்டு, "நகருது பாப்பா, ஆனா ரொம்ப மெதுவா. நீ அங்கதானே இருக்க, ஏதாவது பண்ணேன்" என்றாள். "பார்க்கிறேன்க்கா" என்றாள் ஒவ்வொரு தடவையும். உண்மையில் பார்க்கத்தான் செய்தாள். அதைத் தவிர வேறு எதுவும் அவள் கையில் இல்லை. பச்சை சார் ஒரு காப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மாமா அதே நாற்காலியில், அதே சட்டையில் இருந்தார். சட்டை கசங்கியிருந்தது. அக்கா சமையலறை வாசலில் நின்றாள். போனில் மையத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. மாமா கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு உரக்கப் படித்தார். பதிவு நிறைவடைந்தது. பத்தொன்பது இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. அழைத்தும் பலர் வராத காரணத்தால், தேவை குறைவு எனக் கருதி, மீதமுள்ள இருக்கைகள் வேறு மையத்துக்கு மாற்றப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி.

படித்துவிட்டுப் போனைத் தொடையில் ஓங்கி வைத்தார். அவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே கிடையாது. டிரைவர்களைத் திட்டுவது கோபத்தில் சேராது.

"கூப்பிட்டும் வரலையாம்! என்ன ஜென்மங்க பாப்பா இதுங்க? ஒரு இடத்துக்கு நாம நாய் படாத பாடு படுறோம். பாதி இடம் காலியாப் போயிடுச்சே. வேணாம்னா ஏன் வரிசையில வந்து நிக்கணும்? எனக்கு முன்னாடி மூவாயிரம் பேரு நின்னப்பகூட நான் ஒண்ணும் சொல்லலை. சரி, என்னைவிடக் கஷ்டப்படுறவனா இருப்பான், எடுத்துக்கட்டும்னு இருந்தேன். கூப்பிட்டும் வராதவன் யாரு? உனக்குத் தெரிஞ்சிருக்குமே, யாரு அவங்கல்லாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆயிரக்கணக்கில் பொய் ஆட்களை எழுதியவளுக்கு அந்த நேரத்தில் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை.

"நாமதான் மாமா" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எண் நான்கு. முதல் சுற்று. பத்து நிமிடம். அவர் ஆறு கோரிக்கையைப் பற்றியோ பிரவுசரைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையில் இருந்த போனைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"நான் இங்கயேதானே உக்காந்திருந்தேன்" என்றார். "எந்திரிக்கவே இல்லையே. ஒண்ணுக்குக்கூடப் போகலையே பாப்பா."

"உனக்கு முன்னாடியே தெரியாதா?" என்று அக்கா கேட்டாள். குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பார்த்தேன்க்கா. பொய்யின்னு நினைச்சுட்டேன்."

மாமா மடியிலிருந்த சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டார். எழுந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அறைக்குள் போகும்போது வாசல்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு டயாலிசிஸ் நாள். காலையில என்னை எழுப்பாதீங்க."

"மாமா, ஒரு மாசம் பொறுங்க, மறுபடி திறப்பாங்க, நான் அந்த அதிகாரி கால்ல விழுந்தாவது..."

"வாக்குக் குடுத்திருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார் அவர். அதட்டலாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். தூக்கம் வருகிற மனிதன் விளக்கை அணைக்கச் சொல்வது போலச் சொன்னார்.

அக்கா நாற்காலியில் கிடந்த போனை எடுத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, டயாலிசிஸ் பஸ்ஸுக்காக அதிகாலை நாலரைக்கு வைத்திருந்த அலாரத்தைத் தேடி எடுத்தாள். பிறகு போனைத் தங்கையிடம் நீட்டி, "என்னால முடியலை, நீ அமுக்கு" என்றாள்.